ஒரே பிரஷர், ரெண்டு விதமான பாதிப்பு: ஆண், பெண் சிறுநீரகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரகப் பிரிவு ஓ.பி.யில் பி.பி. பார்த்து, ரிப்போர்ட்டை ஃபைலில் சேர்த்து, வரிசைப்படி டாக்டரிடம் அனுப்புகிற நர்ஸ் நான். உள்ளே கேட்கத் தயங்கிய சந்தேகத்தையெல்லாம் வெளியே வந்து என்னிடம்தான் கேட்பார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறவற்றை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அது உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

பிரஷர்னா இதயத்துக்குத்தானே ஆகாது? கிட்னிக்கு என்ன பண்ணும், சிஸ்டர்?

இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்ற குட்டி வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். ஒவ்வொரு நெஃப்ரானின் தொடக்கத்திலும் மயிரிழையை விட மெல்லிய ரத்தக்குழாய்ச் சுருள் ஒன்று உண்டு, வடிகட்டுவது அதுதான். அதற்குள் ரத்தம் கொண்டுவரும் குட்டித் தமனி, பிரஷர் ஏறும்போது தானாகவே சுருங்கி, சுருளைக் காப்பாற்றும்.

வருஷக்கணக்கில் பிரஷர் இறங்காமலே இருந்தால் அந்தத் தமனியின் சுவர் தடித்து விறைத்துப்போகும். சில சுருள்களுக்கு ரத்தம் பற்றாமல் அவை சுருங்கித் தழும்பாகும். மிச்சம் இருப்பவை அவற்றின் வேலையையும் சேர்த்து இழுக்கும். இப்போது தடுக்கத் தமனியில் வலு இல்லாததால் அழுத்தம் முழுதும் உள்ளே இறங்கும், சிறுநீரில் புரதம் கசியும், அவையும் ஒவ்வொன்றாகப் போகும். இத்தனைக்கும் வலி இருக்காது. ராத்திரி அடிக்கடி எழுந்து சிறுநீர் போவது ஒரு ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம், அதையும் வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவோம்.

பிரஷரால கிட்னி கெட்டுச்சா, கிட்னி கெட்டதால பிரஷர் வந்துச்சா?

இரண்டும் நடக்கும், ஒன்றை ஒன்று வளர்க்கும். உடம்பில் உப்பும் தண்ணீரும் எவ்வளவு தங்க வேண்டும் என்று தீர்மானிப்பது சிறுநீரகம். ரெனின் என்ற பொருளைச் சுரந்து ரத்தக்குழாய்களை இறுக்கும் வேலையைத் தொடங்கி வைப்பதும் அதுவே. அதனால் அது பழுதானால் பிரஷர் ஏறும்.

எது முதலில் வந்தது என்று பிரிக்க, பழைய பி.பி. சீட்டுகள், ஸ்கேனில் சிறுநீரகத்தின் அளவு, சிறுநீரில் புரதமும் ரத்தமும், கண்ணின் விழித்திரை எல்லாவற்றையும் டாக்டர் பார்ப்பார். ஆனாலும் 'பிரஷரால் வந்த சிறுநீரக நோய்' என்று எழுதுவது பல நேரம் ஓர் ஊகம்தான், சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்தவர்கள் குறைவு. அமெரிக்காவில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு இப்படித்தான் எழுதி வந்தார்கள். அவர்களில் கணிசமானவர்களின் நோய்க்குப் பின்னால் ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணு இருப்பது 2010இல்தான் தெரிந்தது. பழைய பிரஷர் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

ஆம்பளைக்கு ஒரு மாதிரி, பொம்பளைக்கு ஒரு மாதிரியா பாதிக்கும்?

சிறுநீரகத்துக்குள் நடப்பது ஒன்றே. எந்த வயதில் தொடங்குகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது, எப்போது கண்டுபிடிக்கப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். பொதுவாக ஆண்களுக்கு இளவயதிலேயே பிரஷர் கூடுதலாக இருக்கும், பாதிப்பும் வேகமாகப் போகும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஓரளவு தாமதம் கிடைக்கிறது.

இது ஆயிரக்கணக்கானோரின் சராசரி. உங்கள் பிரஷர் 170 என்றால் சராசரி உங்களைக் காப்பாற்றாது.

கிட்னி நோய் பெண்களுக்குத்தான் அதிகம்னு படிச்சேன். ஆனா டயாலிசிஸ்ல பாத்தா பூரா ஆம்பளைங்களா இருக்காங்களே?

நீங்கள் படித்ததும் சரி, பார்த்ததும் சரி. 2017ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கில், வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தபோது, நாள்பட்ட சிறுநீரக நோய் பெண்களில் 9.5 சதவீதம், ஆண்களில் 7.3 சதவீதம். அதே கணக்கில் இந்த நோயால் இறக்கும் விகிதம் ஆண்களில்தான் அதிகம்.

இதற்குக் காரணங்கள் பல. பெண்கள் அதிக காலம் வாழ்கிறார்கள், வயதோடு சிறுநீரக வேலையும் குறைகிறது. ஆண்களுக்கு நோய் வேகமாக முற்றிக் கடைசிக் கட்டத்துக்கு வருகிறது. இவை உடம்பு சார்ந்தவை. இன்னொன்று வீடு சார்ந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கூட ஒரு ஆள், பஸ் செலவு என்று வரும்போது அம்மாவுக்கு, மாமியாருக்கு என்றால் வீட்டில் பேச்சு வேறு மாதிரி போகும். 'எனக்கெதுக்கு இந்தச் செலவு' என்று அவர்களே சொல்லிவிடுவதும் உண்டு. வார்டில் நீங்கள் பார்க்கிற கூட்டத்தை வைத்து நோயின் அளவைக் கணக்குப் போட முடியாது. வர முடிந்தவர்கள் மட்டும்தான் அங்கே இருக்கிறார்கள். உலக சிறுநீரக தினம் 2018இல் மார்ச் 8, மகளிர் தினத்தன்றே வந்ததால் அந்த ஆண்டுக்குப் பெண்களின் சிறுநீரக நலத்தையே பொருளாக வைத்தார்கள்.

அதென்ன ஆம்பளைக்கு மட்டும் வேகம்? குடி, சிகரெட்டாலயா?

புகையும் குடியும் ஒரு பங்கு. ஆனால் குடிக்காத, புகைக்காத எலிகளிலும் இதே வித்தியாசம் தெரிகிறது. ஜப்பானில் கியோட்டோவில் 1963இல் உருவாக்கிய, பிறவியிலேயே பிரஷர் ஏறும் எலி வகை ஒன்று உண்டு. அதிலும் ஆணுக்குத்தான் பிரஷர் அதிகம். அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ஜேன் ரெக்கல்ஹாஃப் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில், விரை நீக்கிய ஆண் எலிகளின் பிரஷர் பெண் எலிகளின் அளவுக்கு இறங்கியது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கொடுத்த பெண் எலிகளுக்கு ஏறியது. பிரஷர் ஏறினால் உப்பைக் கூடுதலாக வெளியேற்றித் தணிக்கும் வேலை சிறுநீரகத்துக்கு உண்டு. ஆண் ஹார்மோன் இருந்தால் அந்த வேலை மந்தமாகிறது என்று காட்டியது அந்த ஆய்வு.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன், ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது, சுருள்களில் தழும்பு படிவதைக் குறைக்கிறது. இன்னொரு விஷயம் எனக்குச் சுவாரஸ்யமாகப் படும். மேலே சொன்ன ரெனினால் உண்டாகும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள்தான் ரத்தக்குழாயை இறுக்குகிறது. அந்த இறுக்கத்துக்கு எதிராக வேலை செய்யும் ஏ.சி.இ.2 என்ற நொதிக்கும், ஏ.டி.2 என்ற ஏற்பிக்கும் உரிய மரபணுக்கள் இரண்டுமே எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஆகவே எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிட முடியாது.

பீரியட்ஸ் நின்னதும் அந்தப் பாதுகாப்பு போயிடுமா?

ஒரே நாளில் போகாது. ஆனால் ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குப் பிரஷர் வேகமாக ஏறுகிறது, அறுபதுகளில் ஆண்களை எட்டிப் பிடித்துத் தாண்டியும் விடுகிறது. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 32,833 பேரின் பி.பி.யை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த பதிவுகளிலிருந்து பார்த்தது. பெண்களின் ஏற்றம் மாதவிடாய் நிற்கும்வரை காத்திருப்பதில்லை, இருபது முப்பது வயதிலேயே ஆண்களை விடச் செங்குத்தாகத் தொடங்கிவிடுகிறது என்பது அதில் தெரிந்தது. தொடக்கம் தாழ்வாக இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

முப்பத்தைந்து வயதில் 104 இருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்தில் 132 என்றால், '140க்குள்ளதானே இருக்கு' என்று நான் விடமாட்டேன். பழைய சீட்டோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்போ ஹார்மோன் மாத்திரை போட்டா கிட்னி தப்பிக்குமா?

அதற்காகப் போடக் கூடாது. வாயால் சாப்பிடும் ஈஸ்ட்ரோஜன் நேராகக் கல்லீரலுக்குப் போய், ஆஞ்சியோடென்சின் உண்டாகத் தேவையான மூலப்பொருளைக் கூட்டிவிடும். அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்த ஹார்மோன் சோதனையில், ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் என்ற ஹார்மோனும் சேர்த்துக் கொடுத்த பிரிவை 2002இல் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்று, பக்கவாதம், ரத்தக்கட்டு ஆகியவை கூடியிருந்தன. மாதவிடாய் நிற்கும் வயதின் கடும் சூட்டுக்கும் வியர்வைக்கும் டாக்டர் கொடுப்பது தனி விஷயம். கருத்தடை மாத்திரையும் சிலருக்குப் பிரஷரை ஏற்றும். தொடங்கி மூன்று மாதத்தில் ஒருமுறை பி.பி. பார்த்துவிடுங்கள்.

எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் உப்பு 1.2தான் இருக்கு. அவருக்கு பரவாயில்லைங்கிறாங்க, எனக்கு கிட்னி வீக்குங்கிறாங்க. லேப்ல தப்பா?

லேபில் தப்பில்லை. நம் ஊரில் 'உப்பு' என்று சொல்வது கிரியாட்டினினை. சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் உள்ள உடம்பில் அதிகம் உண்டாகும். பெண்களுக்குச் சராசரியாகத் தசை குறைவு என்பதால், அதே 1.2 வந்தால் வடிகட்டும் வேகம் குறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இருவருக்கும் வயது 60 என்று வைத்துக்கொள்வோம். 2021இல் வந்த சூத்திரப்படி கணக்குப் போட்டால் 1.2க்கு ஆணின் வடிகட்டும் வேகம் 69 வரும், பெண்ணுக்கு 52. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நீடித்தாலே நாள்பட்ட சிறுநீரக நோய், மூன்றாம் நிலை. சில லேப் தாளில் ஆண் பெண் இருவருக்கும் ஒரே 'நார்மல் அளவு' அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எத்தனையோ பெண்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். என்னைக் கேட்டால், ஆண் பெண் வித்தியாசத்தில் அதிகம் கெடுதல் செய்வது ஹார்மோன் இல்லை, இந்தத் தாள்தான். கிரியாட்டினினோடு, இந்த வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

யூரின்ல புரதம் பாக்குற டெஸ்ட்லயும் ஆண், பெண் வித்தியாசம் இருக்கா?

இருக்கிறது, அதே தசைக் கணக்குதான். சிறுநீரில் உள்ள அல்புமின் என்ற புரதத்தை கிரியாட்டினினால் வகுத்துச் சொல்லும் டெஸ்ட் இது. 30க்கு மேல் போனால் கசிவு என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு நாளைக்கு இருவருக்கும் 30 மில்லிகிராம் அல்புமின் போகிறது, ஆணுக்கு 1.5 கிராம் கிரியாட்டினின், பெண்ணுக்கு 1 கிராம் வெளியேறுகிறது என்று வையுங்கள். ஆணுக்கு விடை 20, பெண்ணுக்கு 30. ஆகவே தசை நிறைய உள்ள ஆணுக்கு 22 வந்தாலும் ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்வது நல்லது. மாதவிடாய் நாட்களிலும் காய்ச்சல் இருக்கும்போதும் இந்த டெஸ்ட் கொடுக்காதீர்கள்.

பிள்ளைத்தாச்சியா இருக்கும்போது பிரஷர் வந்துச்சு. பிரசவம் ஆனதும் சரியாப்போச்சு. இன்னும் எதுக்குப் பயப்படணும்?

பயம் வேண்டாம், மறக்கவும் வேண்டாம். இருபது வாரத்துக்குப் பிறகு 140/90க்கு மேல் போய்ச் சிறுநீரில் புரதமும் வந்திருந்தால் அது பெரும்பாலும் ப்ரீஎக்லாம்ப்சியா. நார்வேயில் 1967 முதல் பதிவான 5,70,433 தாய்மார்களைப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. முதல் பிரசவத்தில் இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டயாலிசிஸ் கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 4.7 மடங்கு. மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும், அத்தனை லட்சம் பேரில் அந்தக் கட்டத்துக்குப் போனவர்கள் மொத்தம் 477 பேர்தான்.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. பிரசவம் ஆகி மூன்று மாதத்தில் பி.பி.யும் சிறுநீர் டெஸ்டும், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. சர்க்கரை டாக்டரிடம் போனாலும் இதய டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கமாட்டார்கள். ஐம்பது வயதுப் பெண்ணிடம் பிரசவத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

என் தங்கச்சிக்கு 26 வயசு. குண்டும் இல்ல, பிரஷர் 180. டென்ஷன்தான் காரணமா?

டென்ஷன் என்று சொல்லி அனுப்பிவிடுகிற வயது இதுதான். அப்படி விடக் கூடாது. இளம் பெண்களுக்கு இந்த அளவு பிரஷர் என்றால் சிறுநீரகத்துக்குப் போகும் தமனி குறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்ப்ளேசியா என்ற நோயில் அந்தத் தமனி மணி கோத்த மாதிரி ஆங்காங்கே நெரிந்திருக்கும். அது வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். இந்தியாவில் டகயாசு தமனி அழற்சியையும் சேர்த்து யோசிக்க வேண்டும், அதுவும் இளம் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கும். இரண்டு கையிலும் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கையில் நாடி மெலிந்திருந்தாலோ இரண்டு கை எண்ணும் ரொம்ப வித்தியாசப்பட்டாலோ அது பெரிய துப்பு. ஃபைப்ரோமஸ்குலர் நோயில் பலூன் வைத்துக் குழாயை விரித்தாலே பலருக்குப் பிரஷர் நன்றாக இறங்கும்.

மாத்திரை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானா?

பெயர்கள் ஒன்றுதான், பக்கவிளைவில் வேறுபாடு உண்டு. எனலாப்ரில், ராமிப்ரில் வகைக்கு வரும் வறட்டு இருமல் பெண்களுக்கு அதிகம். அம்லோடிபின் சாப்பிட்டால் கால் வீக்கம், குளோர்தாலிடோன் மாதிரி நீர் மாத்திரையில் சோடியம் இறங்குவது, இரண்டும் பெண்களிடம் கூடுதலாகப் பார்க்கிறோம். வயதான அம்மா திடீரென்று குழம்பிப் பேசினால் முதலில் சோடியத்தைப் பாருங்கள். சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் தரும் டாபாக்ளிஃப்ளோசின் வகையில் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றும் அப்படியே. வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள்.

கட்டாயம் தெரிய வேண்டியது: புரதக் கசிவைக் குறைக்க டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் போன்றவைதான் முக்கியமான மாத்திரைகள். கர்ப்பத்தில் இவை கூடாது, குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே சொன்னால் லாபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று மாற்றித் தருவார்கள். இந்தப் பயத்தாலேயே முப்பது வயதுப் பெண்ணுக்கு நல்ல மாத்திரையைத் தராமல் விடுவதும் தப்பு.

தம்பி ஜிம்முக்குப் போறான், ஊசி போட்டுக்கிறான். கிட்னிக்கு ஆகுமா?

தசைக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் வகை ஊசி என்றால் ஆகாது. எலிக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது என்ன ஆனது என்று மேலே சொன்னேன். அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். தசை கூடியதாலும் கிரியாட்டினின் ஏறும் என்பதால் அவருக்குச் சிறுநீர்ப் புரதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மாத்திரை வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடறாங்க. அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் நடக்க முடியாத எத்தனையோ பாட்டிகளுக்கு மாத்திரை விட்டுப்போகாமல் கிடைக்கிறது, நல்ல விஷயம். மாத்திரை கிடைப்பது வேறு, பிரஷர் அடங்கியிருப்பது வேறு. வருஷத்துக்கு ஒருமுறையாவது கிரியாட்டினினும் சிறுநீர்ப் புரதமும் பார்த்தே ஆக வேண்டும்.

பிரஷர் எவ்வளவுல நிக்கணும்? ஆம்பளை பொம்பளைக்கு வேற வேறயா?

இப்போதைக்கு ஒரே இலக்குதான். 130/80க்குள் என்பது பொதுவானது. சர்வதேச சிறுநீரக வழிகாட்டி 2021இல், முறையாக அளந்தால் மேல் எண் 120க்குள் என்றது. அதற்கு அடிப்படை 2015இல் வந்த ஸ்ப்ரின்ட் என்ற அமெரிக்க ஆய்வு. 9,361 பேர், அதில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். 120க்குள் வைத்தவர்களுக்கு இதய நோயும் இறப்பும் குறைந்தன. சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. பெண்கள் குறைவாக இருந்ததால் அவர்களுக்குத் தனியாக உறுதியான விடை கிடைக்கவில்லை.

நாங்கள் வவுனியாப் பக்கம். எங்கட ஊரில பிரஷர் இல்லாத ஆம்பிளையளுக்கும் கிட்னி பழுதாகுதே, அக்கா?

அது வேறு நோய். 1990களில் இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது, விவசாயம் செய்யும் ஆண்களையே அதிகம் பிடிக்கிறது. பிரஷர் ஆரம்பத்தில் சாதாரணமாகவோ கொஞ்சம் கூடியோ இருக்கும், புரதக் கசிவும் குறைவு. வெயில், தண்ணீர், விவசாய மருந்து என்று காரணங்களைப் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. அங்கே பி.பி. சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது, ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும்.

என் பையனுக்கு நான் கிட்னி குடுக்கலாம்னு இருக்கேன். எனக்குப் பிரஷர் வருமா?

நம் நாட்டில் உயிரோடு இருந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் அம்மாக்களும் மனைவிகளும். வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். டயாலிசிஸ் கேள்வியில் சொன்ன வீட்டுக் கணக்கு இங்கேயும் உண்டு. நன்றாகப் பரிசோதித்து எடுத்தால் கொடுப்பவருக்கு ஆபத்து குறைவு, ஆனாலும் ஆயுசுக்கும் பி.பி. பார்க்க வேண்டும். இனிமேல் குழந்தை பெற வேண்டிய வயது என்றால் கட்டாயம் பேசுங்கள். கனடாவில் 2015இல் வெளியான ஆய்வில், தானம் கொடுத்த பின் கர்ப்பமானவர்களில் 11 சதவீதத்துக்குக் கர்ப்பகால பிரஷரோ ப்ரீஎக்லாம்ப்சியாவோ வந்தது. கொடுக்காதவர்களில் 5 சதவீதம்.

ஒரு இடத்துல ஆம்பளைக்கு வேகம்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல பொம்பளைக்குத்தான்னு போட்டிருக்கு. எதை நம்புறது?

நன்றாகத் தேடிப் படிப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. 2000இல் நியூகார்ட்டன் என்ற ஆய்வாளரின் குழு 68 ஆய்வுகளை, 11,345 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்து, ஆண்களுக்கே நோய் வேகமாக முற்றுகிறது என்றது. 2003இல் ஜாஃபர் என்ற இன்னொரு ஆய்வாளரின் குழு 11 மருந்துச் சோதனைகளில் இருந்த 1,860 பேரை எடுத்து, பிரஷரையும் புரதக் கசிவையும் சமன்படுத்திப் பார்த்தது. அதில் பெண்களுக்கு வேகம் குறைவாக இல்லை, கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது.

இரண்டாவதில் இருந்த பெண்களில் பலர் மாதவிடாய் நின்ற வயதினராக இருந்திருக்கலாம். அதோடு இன்னொன்று உண்டு. ஆணுக்குப் பிரஷரும் புரதக் கசிவும் அதிகம் இருப்பதுதான் வேகத்துக்கே வழி என்றால், அவற்றைச் சமன்படுத்தியதும் வித்தியாசம் மறையத்தானே செய்யும்? அதனால் இரண்டும் ஒன்றை ஒன்று பொய்யாக்கவில்லை என்பது என் கருத்து. உங்கள் வீட்டில் அப்பா அம்மா இருவருக்கும் பிரஷர் இருந்து, யாரை முதலில் டெஸ்டுக்குக் கூட்டிப் போவது என்று கேட்டால், இதுவரை ஒருமுறையும் கிரியாட்டினின் பார்க்காதவரை முதலில் கூட்டி வாருங்கள்.